தளர்ந்த வார்: ஐஸ்லாந்துப் பனியாற்றில் ஒரு விபத்தின் ஆய்வு

தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக 16 வருடம் ஓடிவிட்டது. யாராவது வழுக்கி விழுந்தாலோ விரலை நசுக்கிக்கொண்டாலோ போய் விசாரித்து அறிக்கை எழுதுவது என் வேலை. அடுத்தவர் விபத்துகளையே எழுதிக்கொண்டிருந்தவளுக்குப் போன செப்டம்பரில் சொந்தமாக ஒன்று வாய்த்தது. அதுவும் விடுமுறையில், ஐஸ்லாந்தில், பனியாற்றின் மேல்.

பெரிய விபத்து என்று சொல்ல முடியாது. பிசகிய கணுக்கால், ஆடுசதையில் இரண்டு துளைகள், தோல் உரிந்த உள்ளங்கை, அவ்வளவுதான். ஆனால் பனியாற்று நடை பற்றி யார் பேசினாலும் நீல நிறத்தையும் ஆழமான பிளவுகளையும் பற்றியே பேசுகிறார்கள். கால்சட்டை பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. என்னை விழவைத்தது கால்சட்டை. குறைந்தபட்சம் முதல் விசாரணையில் அப்படித்தான் பதிவானது.

இடமும் நிலைமையும்

சோல்ஹெய்மாயோகுல் ஐஸ்லாந்தின் தெற்கே, ரெய்க்யவிக்கிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மிர்தால்ஸ்யோகுல் என்ற பெரிய பனிக்கவிகை மலையை மூடிக்கிடக்கிறது. அதிலிருந்து நாக்கு நீட்டியதுபோல் கீழே இறங்குவது இது. கவிகைக்கு அடியில் காட்லா எரிமலை. அது கடைசியாகப் பெரிதாக வெடித்தது 1918இல். பனி முழுக்கக் கறுப்புக் கறுப்பாகத் தெரிவது எரிமலைச் சாம்பல். சாம்பல் மெல்லியதாகப் படிந்தால் வெயிலை இழுத்துப் பனியை வேகமாக உருக்கும். கனமாகப் படிந்தால் போர்வைபோல் மூடிக் காப்பாற்றும். அதனால் சுற்றிலும் உருகிப்போய், சாம்பல் மூடிய இடங்கள் மட்டும் ஆளுயரக் கூம்புகளாக நிற்கின்றன. முதலில் பார்க்கிறவருக்கு அது ஒரு நிலக்கரிக் கிடங்கு மாதிரிதான் இருக்கும்.

தமிழில் இதைப் பனிப்பாறை என்றும் சொல்கிறார்கள். பாறை என்றதும் அசையாத ஒன்று என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இது தன் எடையிலேயே வழிந்து ஓடிக்கொண்டிருக்கிறது. மேடு பள்ளத்தில் வளையும்போது மேல்பகுதி வளைய முடியாமல் பிளக்கிறது. நேற்றிருந்த பாதை இன்றிருக்காது. ஆகவே பனியாறு என்றே எழுதுகிறேன்.

அன்றைய நிலைமையில் முக்கியமானது முந்தைய இரவு பெய்த மழை. வெயில் காய்ந்த நாட்களில் பனியின் மேல்தோல் நொறுநொறுவென்று வெள்ளையாக, கல்லுப்பு பரப்பியதுபோல் இருக்கும். காலுக்குப் பிடிப்புக் கிடைக்கும். மழை அந்தத் தோலைக் கழுவிவிடும். அடியிலிருக்கும் கண்ணாடி மாதிரியான நீலப் பனி வெளியே வரும். படம் எடுக்க அருமையான நாள். நடக்க அவ்வளவு நல்ல நாள் இல்லை.

நடந்தது

காலை 10 மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் கூடினோம். 11 பேர், ஒரு வழிகாட்டி. நானும் என் தம்பியும் தவிர மற்றவர்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக வந்தவர்கள், ஒருவர் மட்டும் தனியாள். ஹெல்மெட், இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வார்ப்பட்டையான ஹார்னஸ், பனிக்கோடரி, கிராம்பான் எல்லாம் கொடுத்தார்கள். கிராம்பான் என்பது காலணிக்கு அடியில் வார் போட்டுக் கட்டும் முள்சட்டம். இங்கிலாந்து மலையேறி ஆஸ்கர் எக்கென்ஸ்டைன் 1908இல் 10 முள் வைத்த சட்டத்தை வடிவமைத்த பிறகுதான் பனிச்சரிவில் ஒவ்வோர் அடிக்கும் கோடரியால் படி வெட்டும் வேலை குறைந்தது. எங்களுக்குக் கொடுத்ததும் அதன் பேரன் பேத்திதான்.

வழிகாட்டி என் காலணியைப் பார்த்து, "வாடகைக்கு பூட்ஸ் இருக்கிறது, வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என்னுடையது கணுக்காலை மூடுவது, மலைநடைக்கானது என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. நிறுவனத்தின் விதியும் கணுக்காலை மூடும் நடைக்காலணி என்பதுதான். அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். இந்த 10 நொடிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரியோரமாகச் சரளைக்கல்லில் அரைமணி நேர நடை. பனியாறு பின்வாங்கியதில் உண்டான ஏரி அது. பக்கத்து ஊர்ப் பள்ளியான ஹ்வோல்ஸ்கோலியின் 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் 2010 முதல் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் வந்து பனியின் விளிம்பு எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்று அளந்து வருகிறார்கள். வழிகாட்டி நின்று காட்டிய இடத்தில் அப்போது பனி இருந்ததாம். இப்போது படகு மிதக்கும் ஆழத்துக்குத் தண்ணீர்.

11:15க்குப் பனியின் ஓரத்தில் கிராம்பான் கட்டினோம். அவரே ஒவ்வொருவர் காலடியிலும் முட்டிபோட்டு வாரை இழுத்து, காலை உதறச் சொல்லிப் பார்த்தார். நடக்கும் முறையும் சொல்லிக்கொடுத்தார்: கால்களை அகட்டி வை, முள் எல்லாம் ஒரே நேரத்தில் பனியில் பதியும்படி பாதத்தைத் தட்டையாக ஊன்று, இறங்கும்போது முழங்காலை மடக்கி எடையைக் காலுக்கு நேர் மேலே வை.

தம்பிக்கு ஒரே சந்தேகம். "கயிறே இல்லாம எதுக்குக்கா இந்த ஹார்னஸ்?" நான் சிரித்தேன், படத்தில் அழகாக விழுவதற்கு என்றேன். வழிகாட்டியிடம் கேட்டோம். கோடையில் இந்தப் பகுதியில் பனித்தூவி, அதாவது மேலே பெய்து மூடிய புதுப்பனி, இல்லை, பிளவுகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், சுற்றிப் போகலாம். கெட்டிப் பனியில் எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டினால் ஒருவர் வழுக்கும்போது நிறுத்த வழியில்லாமல் மற்றவர்களும் சேர்ந்து போவார்கள். பிளவுகளைப் பனித்தூவி மூடியிருக்கும் மேல்பகுதியில்தான் கயிறு உயிர்காக்கும். ஹார்னஸ் எதற்கென்றால், யாராவது உள்ளே விழுந்தே விட்டால் இழுத்து எடுக்கக் கொக்கி மாட்ட ஓர் இடம் வேண்டும். தெளிவாகச் சொன்னார்.

ஒன்றரை மணி நேரம் அபாரமாகப் போனது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அறிக்கை வேறு மாதிரி ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

12:45 வாக்கில் ஒரு மூலான் பக்கத்தில் நின்றோம். உருகிய நீர் சுழன்று பனிக்குள் துளைத்து விழும் கிணறு அது. எட்டிப் பார்த்தால் நீலம் கறுப்பாக மாறும் இடம் வரைதான் தெரியும். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக்கொண்டு காட்டினார். என் முறைக்காக நிற்கும்போது இடது குதிகாலில் ஏதோ ஆடுவதுபோல் இருந்தது. காலைத் தூக்கி வைத்தேன். முள்சட்டம் ஒரு கணம் கழித்துக் கூட வந்தது. வார் தளர்ந்திருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரியும்.

சொல்லவில்லை.

13:05க்கு, இறங்கும் வழியில், சரிவு கொஞ்சம் ஒடுங்கிய இடத்தில், எதிரே ஏரி முழுக்கத் தெரிந்தது. வலக்கை உறையைக் கழற்றிப் போனை எடுத்தேன். பின்னாலிருந்து தம்பி, "அக்கா, க்ளவுஸைப் போட்டுட்டு நட" என்றான். இடது காலை முன்னே எடுத்து வைத்தபோது அதன் உள்பக்க முள் வலது காலின் மழைக்கால்சட்டையில் மாட்டியது. துணியோடு ஆடுசதையிலும் இறங்கியது. இடது கால் வரவில்லை, உடம்பு போய்விட்டது. வலது கணுக்கால் மடங்கி, வெறும் உள்ளங்கையோடு விழுந்தேன். பனி வழுவழுப்பானது என்றுதான் எல்லாரும் நினைப்போம். உருகும் பனியாற்றின் மேல்பரப்பு தேங்காய்த் துருவியைப் போன்றது. கோடையிலும் கையுறை கட்டாயம் என்று சொல்வது குளிருக்காக மட்டும் இல்லை. ஒரு மீட்டர் சறுக்கி ஒரு சாம்பல் மேட்டில் நின்றேன். போன் நிற்கவில்லை.

விபத்துக்குப் பின் 45 நிமிடம்

இந்தப் பகுதியில் வழிகாட்டிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். என்னிடம் ஓடி வருவதற்கு முன் அவர் செய்த முதல் காரியம், மற்ற 10 பேரையும் "அங்கேயே நில்லுங்கள், அசையாதீர்கள்" என்று நிறுத்தி எண்ணியது. பிறகு எனக்குக் கீழ்ப்பக்கமாக வந்து நின்றார், நான் மேலும் சறுக்கினால் அவர்மேல் விழும்படி. கோடரியால் ஒரு திட்டு வெட்டினார். தன் பையைப் போட்டு அதன்மேல் உட்கார வைத்தார். பனியில் உட்கார்ந்தால் 5 நிமிடத்தில் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடும். கிராம்பானைக் கழற்றினார், காலணியைக் கழற்றவில்லை. கழற்றினால் வீங்கிவிடும், மறுபடி நுழையாது. காலணி நாடாவை இறுக்கினால் காலணியே கட்டுப்போல் பிடித்துக்கொள்ளும். காயத்தைக் கழுவி அழுத்திக் கட்டினார்.

அவசர எண் 112ஐ அழைக்கவா என்று கேட்டார். அழைத்தால் வருவது பெரும்பாலும் லாண்ட்ஸ்பியோர்க் மீட்பு அமைப்பின் தன்னார்வலர்கள். தங்கள் வேலையை அப்படியே போட்டுவிட்டு வருகிறவர்கள். காலை ஊன்ற முடிந்ததால் வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். வாக்கிடாக்கியில் பக்கத்திலிருந்த இன்னொரு குழுவின் வழிகாட்டியை அழைத்தார். அவர் வந்து எங்கள் குழுவையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனார். அப்புறம் என் வழிகாட்டி பையிலிருந்து கயிற்றை எடுத்து ஹார்னஸில் மாட்டி, பின்னாலிருந்து பிடித்தபடி என்னை இறக்கினார். படத்துக்கு அழகாக இருக்கும் என்று நான் கிண்டலடித்த அதே ஹார்னஸ்.

பக்கத்து ஊர் மருத்துவ நிலையத்தில் மருத்துவர் கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்திப் பார்த்தார், 4 அடி நடக்கச் சொன்னார். நடந்தேன். எக்ஸ்ரே வேண்டாம் என்றார். ஒட்டாவா விதிகள் என்று இதற்குப் பெயர். தேவையில்லாத எக்ஸ்ரேயைத் தவிர்க்க 1990களின் தொடக்கத்தில் கனடாவில் உருவாக்கியது. மண்ணும் சாம்பலும் பட்ட துளைக்காயம் என்பதாலும் கடைசி ஊசி போட்டு 5 வருடத்துக்கு மேல் ஆகியிருந்ததாலும் டெட்டனஸ் ஊசி.

பணம் என் கையிலிருந்துதான் போனது. ஷெங்கன் விசாவுக்காகக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தேன், அது விசாவுக்கான விதி. ஆனால் என் பாலிசியின் விலக்குப் பட்டியலில் ஒரு வரி: கயிறோ வழிகாட்டியோ வழக்கமாகத் தேவைப்படும் மலையேற்றம் இதில் சேராது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று வழிகாட்டியோடு போனேன். வழிகாட்டியோடு போனதாலேயே காப்பீடு இல்லை. பயணம் கிளம்பும் முன் அந்தப் பட்டியலைப் படிக்க 2 நிமிடம் போதும். தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரர்களின் பாலிசியை வரிவரியாகப் படித்துத் திருப்பி அனுப்புகிறவள் நான்.

ஏன், ஏன், ஏன்

எங்கள் தொழிலில் 'ஐந்து ஏன்' என்று ஒரு முறை உண்டு, டொயோட்டா ஆலைகளிலிருந்து வந்தது. ஒரு விடை கிடைத்ததும் நிற்காமல் மறுபடி ஏன் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஏன் விழுந்தேன்? முள் கால்சட்டையில் மாட்டியது. ஏன் மாட்டியது? கால்சட்டை தொளதொளவென்று இருந்தது. ஏன்? அது தம்பியுடையது, எனக்கு இரண்டு அளவு பெரிது. ஏன் அதைப் போட்டேன்? என்னுடையதை எடுத்து வர மறந்துவிட்டேன். முடிந்தது விசாரணை. பரிந்துரை: பொருத்தமான கால்சட்டை அணியவும்.

என் கீழ் வேலை செய்கிறவர் இப்படி எழுதிக் கொடுத்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். கால்சட்டை காலையிலிருந்தே தொளதொளவென்றுதான் இருந்தது. ஒன்றரை மணி நேரம் மாட்டவில்லையே. இந்த முறையின் பலவீனமே இதுதான், ஒரே கோடாகப் போகும். இங்கே இரண்டு கோடுகள் 13:05க்கு வந்து சேர்ந்தன.

இரண்டாவது கோடு காலணியில் ஆரம்பிக்கிறது. என்னுடையது கணுக்காலை மூடியது உண்மைதான், ஆனால் அடிப்பாகம் மிருது. ஒவ்வோர் அடிக்கும் அது வளைகிறது, முள்சட்டம் அந்த அளவு வளைவதில்லை. 5,000 அடி நடந்தால் 5,000 முறை குதிகால் வாரை இழுக்கிறது. வார் நனைந்திருக்கிறது. மெல்ல மெல்லத் தளர்ந்து, சட்டம் பக்கவாட்டில் நகர்கிறது. உள்பக்க முள் காலணியின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொள்கிறது. ஏறும்போது பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி அகட்டி நடந்ததால் அது எதிலும் மாட்டவில்லை. இறங்கும்போது சோர்வில், ஏரியின் அழகில், என் நடை பழையபடி சாலையில் நடக்கும் நடையாக ஒடுங்கிவிட்டது.

ஆக, நிறுவனத்தின் பக்கம் ஒரு குறை இருக்கிறது. அவர்கள் விதி அளந்தது கணுக்காலின் உயரத்தை; அளந்திருக்க வேண்டியது அடிப்பாகத்தின் விறைப்பை. காலணியைக் கையில் வாங்கி ஒரு முறை வளைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டாவது, கட்டும்போது செய்த சோதனையை இறங்கத் தொடங்கும் முன் மறுபடி செய்யவில்லை. மூலான் பக்கத்தில் நாங்கள் எல்லாரும் 10 நிமிடம் சும்மாதான் நின்றோம்.

மூன்றாவது ஒன்று குறை என்பதைவிடக் கணக்கு. 11 பேருக்கு ஒரு வழிகாட்டி என்றால், ஒருவருக்கு அடிபட்டதும் 10 பேர் பனியின் மேல் வழிகாட்டி இல்லாமல் நிற்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு குழு இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஐஸ்லாந்தில் 2018இல் இயற்றிய சட்டப்படி இப்படிப்பட்ட பயணங்களை நடத்துகிறவர்கள் எழுத்தில் பாதுகாப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும். முன்பதிவு செய்யும் முன் அதைப் பற்றிக் கேட்டிருக்கலாம். நான் கேட்டது காபி உண்டா என்று.

வழிகாட்டி தலைகளை எண்ணியதை ஏன் அவ்வளவு பாராட்டினேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 25 அன்று இதே தென்கரையில், கிழக்கே பிரெய்தாமெர்குர்யோகுலில், வழிகாட்டியோடு போன குழுவின்மேல் பனிச்சுவர் இடிந்து ஓர் அமெரிக்கர் இறந்தார், உடனிருந்த பெண் காயமடைந்தார். குழுவில் 25 பேர் என்று முதலில் கிடைத்த தகவலை வைத்து இன்னும் இருவர் உள்ளே இருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். கனரக இயந்திரங்கள் போக முடியாத இடத்தில் பெரும்பாலும் கையாலேயே பனியை வெட்டித் தேடினார்கள். மீட்புப் பணியில் சுமார் 200 பேர். மறுநாள்தான் தெரிந்தது, குழுவில் இருந்ததே 23 பேர். இல்லாத இருவரைத் தேடியிருக்கிறார்கள். அது கோடையில், பனிக்குகை போன்ற இடத்தில் நடந்தது. என் விழுகையோடு ஒப்பிட முடியாது. ஆனால் எண்ணிக்கை தப்பினால் என்ன ஆகும் என்பதை அங்கே எல்லாரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். எங்கள் வழிகாட்டி ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாய்விட்டு எண்ணினார்.

இன்னும் பாக்கி இருப்பது என் பக்கம், அதாவது அந்த 20 நிமிடம். வார் ஆடுகிறது என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? யோசித்து யோசித்து மூன்று விடை எழுதினேன். ஒரு ஜோடி ஏற்கெனவே இரண்டு முறை குழுவை நிறுத்திவிட்டது, மூன்றாவது ஆளாக இருக்கக் கூச்சம். வேலையில் எல்லாரையும் நச்சரிக்கிறவள் விடுமுறையிலாவது நச்சரிக்காமல் இருப்போமே என்ற எண்ணம். மூன்றாவதுதான் எனக்கே வியப்பாக இருந்தது: கட்டியது அவர், அது அவருடைய துறை என்று விட்டுவிட்டேன்.

1820இல் ஆல்ப்ஸ் மலையடி ஊரான ஷாமோனியில் ஒரு ரஷ்ய மருத்துவர், வழிகாட்டிகள் தயங்கியும் மோன் பிளாங் சிகரத்தின் மேல் ஏற வற்புறுத்தினார் என்பார்கள். பனிச்சரிவில் 3 வழிகாட்டிகள் இறந்தார்கள். அடுத்த வருடமே அங்கே வழிகாட்டிகளின் சங்கம் உருவானது. மலைமேல் முடிவெடுப்பது யார் என்ற கேள்விக்கு அதன் பிறகு மெல்ல மெல்லத் தெளிவான விடை வந்தது: வழிகாட்டி. சரியான விடைதான். ஆனால் என்னைப் போன்றவர்கள் அதை இன்னும் கொஞ்சம் நீட்டி, என் குதிகாலில் ஆடுவதை உணரும் பொறுப்பையும் சேர்த்து அவரிடம் கொடுத்துவிடுகிறோம். அவருக்குப் பனி தெரியும், பிளவு தெரியும், வானம் தெரியும். என் காலணிக்குள் அவருக்கு வழியில்லை.

தொழிற்சாலையில் புதிதாக வரும் தொழிலாளிகளும் இதையே செய்வார்கள். மேஸ்திரி பார்த்துத்தானே கொடுத்தார் என்று, சத்தம் மாறிய இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். அவர்களிடம் எத்தனை முறை கோபப்பட்டிருக்கிறேன் என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

பதிவேடு

வண்டி நிறுத்துமிடத்தில், மருத்துவரிடம் கிளம்பும் முன், வழிகாட்டி ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினார். பெயர், நேரம், இடம், வானிலை, முதலுதவி எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தார். காரணம் என்ற கட்டத்தில் விருந்தினரின் தளர்வான கால்சட்டை என்று ஒரே வரி. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

கட்டத்தில் இன்னும் இடம் இருந்தது. பேனாவைக் கேட்டு வாங்கி, எரிகிற கையோடு கோணல்மாணலாகச் சேர்த்தேன்: இடது கிராம்பான் வார் 12:45 முதல் தளர்ந்திருந்தது; காலணியின் அடி மிருது; விருந்தினருக்குத் தெரியும், சொல்லவில்லை. அவர் படித்தார். என் காலணியை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து ஒரு முறை வளைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தன் பெயரையும் அந்த வரிக்குக் கீழே எழுதினார்.